83-ஆம் பக்கம்

சித்தி மகள் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது, "அக்கா, நீங்க பண்ணுன அதே எம்.ஃபில். நானும் பண்ணலாமா?" என்று கேட்டாள். பண்ண முடியாது. எம்.ஏ.வுக்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் இருந்த அந்த ஆராய்ச்சிப் படிப்பே இப்போது கிடையாது. 2022 நவம்பர் 7 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அறிவித்த விதிமுறைகளில் எம்.ஃபில்.லை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டம் செல்லும், புதிதாக யாருக்கும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது செல்லாத நோட்டு அல்ல, அச்சடிப்பதை நிறுத்திவிட்ட நோட்டு.

"சரி, அப்படி அதுல ஒன்றரை வருஷம் என்னதான் பண்ணுனீங்க?" என்று அடுத்த கேள்வி. "ஒரு கூரையை அண்ணாந்து பாத்தேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கரும்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னது உண்மைதான்.

நான் எம்.ஏ. தமிழ். படம் வரைய வராது. பள்ளியில் ரெக்கார்டு நோட்டில் தவளையை வெட்டிய படம் போடவேண்டுமென்றால் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துப் போட்டுக்கொள்வேன். அப்படிப்பட்டவள் ஓவியத்தின் பக்கம் போனதற்குக் காரணம் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போன கல்லூரிச் சுற்றுலா. கருவறையைச் சுற்றியுள்ள திருச்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த கதையை எங்கள் பேராசிரியர் சொன்னார். மேலே நாயக்கர் காலத்து ஓவியம், அது உதிர்ந்த இடத்தில் பார்த்தால் அடியில் ராஜராஜன் காலத்து ஓவியம். எல்லாரும் "ஆ" என்றார்கள். எனக்கு மட்டும் வேறொன்று உறுத்தியது. அடியில் இருந்ததைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம், மேலே இருந்ததை வரைந்தவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்கள் என்னவோ வெள்ளையடிக்க வந்தவர்கள் போல.

தமிழ்நாட்டில் கலை வரலாற்றுக்கென்று தனி வாசல் வைத்த துறைகள் குறைவு. வரலாறு, தொல்லியல், நுண்கலை, தமிழ் என்று எது திறந்திருக்கிறதோ அது வழியாக உள்ளே போகவேண்டியதுதான். வடக்கே வழிகள் உண்டு. பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-இல் தொடங்கியது, அங்கே கலை வரலாற்றுக்குத் தனித் துறையே இருக்கிறது. சாந்திநிகேதனின் கலா பவனம் இருக்கிறது, டெல்லியில் ஜே.என்.யு. இருக்கிறது. அப்பாவிடம் பரோடா என்றேன். "மன்னார்குடியிலேருந்து பரோடா எவ்வளவு தூரம் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பி.எட். முடித்தால் வேலை நிச்சயம் என்பது அவர் கட்சி. உரக்கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பி.எட். செலவையும் எம்.ஃபில். செலவையும் எழுதிக் கூட்டிக்கூடக் காட்டினார். எம்.ஃபில். கொஞ்சம் மலிவு என்பதால் தப்பித்தேன்.

2018 ஆகஸ்டில் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விட்டுவிடுகிறேன், பின்னால் கொஞ்சம் குறைசொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு அம்மாவிடம் நான் கொண்டுபோன தலைப்பு: 'தமிழக நாயக்கர் கால ஓவியங்கள் – ஓர் ஆய்வு'. முதலில் 'ஓர் ஆய்வு' என்பதை அடித்தார். "ஆய்வுன்னு தெரிஞ்சுதானே வந்திருக்கே." பிறகு எங்கெங்கே ஓவியம் இருக்கிறது, சொல் என்றார். மதுரை, அழகர்கோயில் வசந்த மண்டபம், சிதம்பரம் சிவகாமியம்மன் சன்னதி, திருப்புடைமருதூர் கோபுரத்தின் உள்ளே, திருவாரூர் தேவாசிரிய மண்டபம் என்று விரல்விட்டு எண்ணினேன். "இவ்வளவுக்கும் போய்வர பஸ்ஸுக்கே ஒரு வருஷம் ஆயிடும்மா. உங்க ஊருக்குப் பக்கத்துல எது?"

இப்படித்தான் திருவாரூர் என் தலையில் எழுதப்பட்டது. ஒரே பஸ். பாட்டிக்குத்தான் பெருத்த சந்தோஷம். "ஆரூர்ல பொறந்தாலே முக்தி, நீ அங்க படிக்கவே போறே" என்றாள்.

முதல் ஆறேழு மாதம் ஆராய்ச்சி நெறிமுறை முதலான தாள்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்குறிப்பில் கால்புள்ளி எங்கே வரும் என்று மூன்று வாரம் படித்தோம். அனுமதிக் கடிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். ஏழாவது தடவை, நான் முதல் தடவை கொடுத்த விண்ணப்பத்தையே எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அது மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

தேவாசிரிய மண்டபம் என்றால் பெரிய புராணம் படித்தவர்களுக்கு உடனே நினைவு வரும். அடியார்கள் கூடியிருந்த இடம், அவர்களைக் கண்டுதான் சுந்தரர் திருத்தொண்டத் தொகை பாடினார். ஆயிரங்கால் மண்டபம் என்றும் சொல்வார்கள். ஓவியங்கள் அதன் கூரையில், பட்டை பட்டையாக. முசுகுந்தச் சக்கரவர்த்தி கதை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கயிலையில் வில்வ மரத்தின் மேல் இருந்த குரங்கு ஒன்று இரவெல்லாம் இலையைப் பறித்துப் பறித்துக் கீழே போட, அது அடியில் வீற்றிருந்த சிவன் மேலும் உமை மேலும் விழுகிறது. அர்ச்சனையாக எடுத்துக்கொண்டு, சக்கரவர்த்தியாகப் பிறப்பாய் என்று வரம் தருகிறார். குரங்கு கேட்டதெல்லாம், என் முகம் இப்படியே இருக்கட்டும் என்பதுதான். பிறகு முசுகுந்தன் வலாசுரனை வெல்ல இந்திரனுக்கு உதவி செய்து, கைம்மாறாக இந்திரன் பூசித்துவந்த தியாகராசர் என்ற சிவன் திருமேனியைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதேபோல் இன்னும் ஆறு செய்வித்து ஏழையும் வரிசையாக வைத்து, எது என்று நீயே எடுத்துக்கொள் என்கிறான். முசுகுந்தன் சரியானதைத் தொட்டுவிடுகிறான். கடைசியில் ஏழும் அவனுக்கே. திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்று ஏழு ஊரும் சப்தவிடங்கத் தலங்கள் ஆன கதை இது. கந்தபுராணத்தில் கந்தவிரதப் படலத்தில் வருகிறது. கூரையில் இந்தக் குரங்கு முகத்து ராஜா கிரீடமும் நகையுமாகச் சபையில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றியிருக்கும் யாருக்கும் அதில் ஆச்சரியமே இல்லை. எனக்கு அந்த ராஜாவை மிகவும் பிடித்துப்போனது.

கூரையைப் பார்ப்பது சுவரைப் பார்ப்பது போல அல்ல. பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் கடைத்தெருவில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி வாங்கிப்போய் மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி பார்த்தேன். என்ன ஒரு புத்திசாலித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். படங்கள் அருமையாகத் தெரிந்தன. ஆனால் எழுத்து எல்லாம் இடம்வலம் மாறி நின்றது! தமிழைக் கண்ணாடியில் படித்துப் பாருங்கள், நம் மொழியா என்று சந்தேகம் வந்துவிடும். அப்புறம் துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிட்டேன். வடுவூர் ஏரியில் பறவை கணக்கெடுக்கப் போகிற தோழி ஒருத்தியின் பைனாகுலரை இரவல் வாங்கியிருந்தேன். கோயிலுக்கு வந்த ஓர் ஆத்தா பதறிப்போய், "என்னம்மா, மயக்கமா? சோடா வாங்கியாரச் சொல்லவா?" என்றார். இல்லை ஆத்தா, படிக்கிறேன் என்றேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருநீறு பூசிவிட்டுப் போனார். சாவி வைத்திருந்த அண்ணன்தான், "மத்தியானம் பாக்காதீங்க பாப்பா, சாயங்காலம் வெளிச்சம் சாஞ்சு வரும், அப்பப் பாருங்க" என்று சொல்லிக்கொடுத்தார். முறையியல் தாளில் இது இல்லை.

பார்த்ததும் விளக்கம் எழுத ஆரம்பித்தேன். குரங்கு முகம் எதன் குறியீடு, பக்தி, அதிகாரம், இன்னபிற. பன்னிரண்டு பக்கம். கைடு அம்மா முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடினார். "இதெல்லாம் கூரையைப் பாக்காமயே எழுதலாம். அங்க என்ன இருக்கு? அதை எழுதிக்கிட்டு வா." அதை எழுத நான்கு மாதம் ஆனது. இந்தப் பட்டையில் எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், வலது கையில் என்ன, இடுப்பில் என்ன கட்டு, மரம் என்றால் என்ன மரம். தமிழில்தான் எழுதினேன், ஆகவே சொல்லுக்கே திண்டாட்டம். ஆங்கிலப் புத்தகங்களில் சர்வசாதாரணமாக வருகிற சொற்களுக்கு ஆளுக்கொரு தமிழ் வைத்திருந்தார்கள். கடைசியில் படக்கட்டங்களுக்கு 'பட்டை' என்றே எழுதினேன். சேலையில் இருப்பது மாதிரிதானே இருக்கிறது. கைடு அம்மா அதை அடிக்கவில்லை. எனக்கு அது ஒரு பெரிய வெற்றி.

இந்த எழுதும் வேலையில்தான் படத்தை விட்டுவிட்டு எழுத்துக்கு வந்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்க வரி எழுதியிருக்கிறார்கள். இலக்கியத் தமிழ் அல்ல. 'பண்ணுகிறது', 'வருகிறது' என்று முடிகிற பேச்சுநடை. ராஜாவானாலும் தேவரானாலும் 'கிறது'தான். இன்றைக்குப் பழைய படத்தைக் காட்டி, "இது எங்க தாத்தா கல்யாணத்துல மாலை மாத்துறது" என்று சொல்வோமே, அந்த வாக்கியம். இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தமிழ் எம்.ஏ.வுக்கும் கூரைக்கும் ஒருவழியாகச் சம்பந்தம் கிடைத்துவிட்டது. இவ்வளவு உயரத்தில் எழுதினால் கீழே நிற்கிறவன் எப்படிப் படிப்பான்? யாரோ ஒருவர் கோலை நீட்டிக் கதை சொல்ல, அவருக்கான ஞாபகக் குறிப்பாக இது இருந்திருக்கலாம் என்று எழுதினேன். ஆதாரம் கிடையாது, நடை மட்டும்தான் சாட்சி. அப்படியே 'ஊகம்' என்று போட்டுத்தான் எழுதினேன்.

படிப்பதில் உள்ள சிக்கல், ஓலைச்சுவடி பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான். புள்ளி வைக்க மாட்டார்கள். எ, ஏ வேறுபாடு இல்லை, ஒ, ஓ வேறுபாடு இல்லை. 'கொடி' என்று இருந்தால் கோடியாகவும் இருக்கலாம். இவற்றைவிடக் கொடுமை, 'வா'வில் வருகிற காலும் ரகரமும் ஒரே உருவம். 'வர', 'வா', 'வர்' மூன்றும் கண்ணுக்கு ஒன்றே. முன்னும்பின்னும் உள்ள எழுத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். முன்னும்பின்னும் உதிர்ந்திருந்தால்? அங்கேதான் வாழ்க்கை.

இன்னொரு தலைவலி, காலம். ஓவியம் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673-இல் முடிந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மராத்தியரான ஏகோஜி வந்துவிட்டார், 1684-இலிருந்து 1712 வரை சாகஜி. அப்படியென்றால் இது மராத்தியர் கால ஓவியம். ஆனால் எல்லாரும் நாயக்கர் பாணி என்றே எழுதுகிறார்கள், பார்த்தால் அப்படித்தான் இருக்கவும் செய்கிறது. ராஜா மாறிய மறுநாள் ஓவியன் வேறு மாதிரி மூக்கு வரைய ஆரம்பிப்பானா என்ன? நம்மூர்க் கலை வரலாற்றை அரசர் பட்டியலில் தொங்கவிட்டு வைத்திருப்பதன் தொல்லை இது. இத்தனைக்கும் இந்தக் கூரையில் ஓவியரின் பெயரே இருக்கிறது. சிங்காதனம். தன்னையும் வரைந்து, பெயரையும் எழுதிவைத்திருக்கிறார். முன்னூறு வருடத்துக்கு முன் வரைந்தவரின் பெயர் தெரிவது இங்கே எவ்வளவு அபூர்வம்! அப்படியும் அதைச் 'சிங்காதனத்தின் ஓவியம்' என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. என் ஆய்வேட்டில் அப்படித்தான் எழுதினேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அதற்குத்தான் திட்டு விழுந்தது, அதற்கு வருகிறேன்.

இடையில் புதுச்சேரிக்கு இரண்டு முறை போனேன். செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டில் 1956 தொடங்கி எடுத்த கோயில் புகைப்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நிறம் இல்லாததால் கோடுகளைத் தனியாகப் பார்க்கக் கண் பழகியது. திருவாரூர் ஓவியங்களை 2000-களின் பிற்பகுதியில் சுத்தம் செய்து பாதுகாத்தார்கள், அதற்கு முன் எடுத்த படங்கள் எது கிடைத்தாலும் எனக்குப் புதையல். அங்கே உட்கார்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கடல் சத்தம். டீக்குப் போனால் திரும்பி வர மனம் வராது என்று போகாமலேயே இருந்தேன்.

2020 பிப்ரவரியில் சமர்ப்பித்திருக்க வேண்டும். மூன்று பட்டைகளைச் சரிபார்க்க இன்னொரு முறை போகலாம் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். மார்ச்சில் ஊரடங்கு. கோயில் மூடிவிட்டார்கள். பல்கலைக்கழகமோ, ஊரடங்கு முடியும்வரை கெடு நீட்டிப்பு என்று ஒரு சுற்றறிக்கையும், கெடு நீட்டிப்புக்குத் தனிக் கட்டணம் என்று இன்னொரு சுற்றறிக்கையும் அனுப்பியது. கட்டினேன். வீட்டு மாடியில் உட்கார்ந்து, கைபேசியில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, படிக்க முடியாத இடங்களில் 'சிதைந்துள்ளது' என்று எழுதி ஜூலையில் கொடுத்தேன். மன்னார்குடியில் ஸ்பைரல் பைண்டிங் கடை வாரத்தில் மூன்று நாள்தான் திறந்தது. என் ஆய்வேட்டின் அட்டை பச்சையாக இருப்பதற்குக் காரணம் அவர்களிடம் நீலம் தீர்ந்துபோனதுதான்.

வைவா நவம்பரில், கூகுள் மீட்டில். அப்பா கடையை அரைநாள் மூடிவிட்டு வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிற பாத்திரக்காரரை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். வெளித் தேர்வாளர் நல்ல மனிதர்தான். "சிங்காதனம் ஒரு தனி ஆளா, பட்டறையின் தலைவரா? இவ்வளவு பெரிய கூரையை ஒருத்தரே வரைஞ்சிருப்பாரா? அவர் பேரை முழுக் கூரைக்கும் எப்படிம்மா போட்டீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ராஜாக்களிடமிருந்து பிடுங்கி ஓவியருக்குக் கொடுக்கும் அவசரத்தில், கூட நின்று சுண்ணாம்பு குழைத்தவர்களை நானும்தான் மறந்திருந்தேன். பெரிய கோயிலில் எனக்கு வந்த அதே கோபம் என் மேலேயே திரும்பியது. திருத்தம் போட்டுக் கொடுங்கள் என்று பாஸ் போட்டுவிட்டார்.

சித்தி மகளுக்கு வழி இல்லாமல் இல்லை. எம்.ஏ. முடித்துவிட்டு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம், அதில் 'விஷுவல் ஆர்ட்' பாடத்துக்குள் கலை வரலாறு ஒரு பிரிவாக வருகிறது. நான்கு வருட இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நேராக பிஎச்.டி.க்கே போகலாம் என்று இப்போதைய விதி சொல்கிறது. காலம் மிச்சம்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கூரை, ஒன்றரை வருடம், நூற்றுச் சொச்சம் பக்கம் என்று சின்ன அளவில் தப்பு செய்து பார்க்க எனக்கு ஓர் இடம் இருந்தது. இவள் முதல் தப்பையே ஐந்து வருடக் கணக்கில் செய்யவேண்டும். இதைச் சொன்னால், "நீங்க பண்ண தப்பு என்ன?" என்கிறாள். சரி, காட்டுகிறேன் என்று பழைய படங்களை டி.வி.யில் போட்டேன்.

போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. 83-ஆம் பக்கத்தில் ஒரு விளக்க வரியை, 'வர' என்று படித்து அதற்குமேல் சிதைந்துள்ளது என்று எழுதியிருக்கிறேன். அதோடு விட்டேனா, யாரோ வந்துசேரும் காட்சி என்று ஒன்றரைப் பக்கம் விளக்கம் வேறு. வைவாவிலும் யாரும் கேட்கவில்லை. நாற்பத்துமூன்று அங்குலத்தில், சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பார்த்தால் அந்த ரகரத்துக்குப் பிறகு இன்னோர் எழுத்தின் தலைக்கட்டு மங்கலாகத் தெரிகிறது. அது ரகரமே இல்லை, கால். 'வா' என்று தொடங்குகிற ஏதோ ஒரு சொல். யாரும் எங்கும் வரவில்லை.

சித்தி மகள் டி.வி. பக்கத்தில் போய் நின்று, "வாகனமா இருக்கும்க்கா" என்றாள். நான் வாத்தியம் என்று நினைக்கிறேன், எழுத்தின் வளைவு அப்படித்தான் இறங்குகிறது. கைடு அம்மாவுக்குப் படத்தை வட்டம் போட்டு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "வாசல்?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வாரம் பைனாகுலர் கேட்டிருக்கிறேன்.